ஈயக் குடிநீர்க் குழாய்கள்: ஊர் முழுக்கக் கண்டுபிடித்து, முழுதாக மாற்றுவது எப்படி

தெருவுக்கு அடியில் ஓடும் மெயின் குழாயிலிருந்து பிரிந்து, நடைபாதையைக் கடந்து, வீட்டு மீட்டர்வரை வருகிற சின்னக் குழாய்தான் இணைப்புக் குழாய். அமெரிக்காவின் பழைய ஊர்களில் இன்னமும் லட்சக்கணக்கான வீடுகளில் இது ஈயக் குழாயாகவே இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் ஈயம் அநேகமாக இருப்பதில்லை. கடைசிப் பத்து இருபது மீட்டரில், வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் ஏறுகிறது. நிறம், மணம், சுவை எதுவும் மாறாது. கொதிக்கவைத்தாலும் போகாது. தண்ணீர் வற்றுவதால் லிட்டருக்கான அளவு கூடத்தான் செய்யும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், குழாய்த் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதனால் வரும் கேடு அதிகம். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை.

1986-இல் நடுவண் சட்டம் புதிய ஈயக் குழாய்களுக்குத் தடை போட்டது. மாநிலங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர 1988 வரை ஆனது. அந்தத் தடை வரும்வரை சிகாகோவின் கட்டட விதி, சிறிய இணைப்புகளுக்கு ஈயத்தைத்தான் போட வேண்டும் என்றே சொன்னது. நாட்டிலேயே அதிக ஈய இணைப்புகள் இன்று அந்த நகரத்தில் இருப்பதற்கு அதுவே காரணம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. 2024 அக்டோபரில் வெளியிட்ட விதி, பெரும்பாலான குடிநீர் அமைப்புகள் 2027 நவம்பரிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் எல்லா ஈய இணைப்புகளையும் அகற்ற வேண்டும் என்கிறது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு. நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவையும் அந்த விதி லிட்டருக்கு 15 மைக்ரோகிராமிலிருந்து 10-ஆகக் குறைத்தது.

இந்த வழிகாட்டி, சிறிய குடிநீர் அமைப்பை நடத்துபவர்களுக்கும் தங்கள் பகுதியில் இந்த வேலையை முன்னெடுக்கும் குடியிருப்போர் குழுக்களுக்கும் உரியது.

பதிவேட்டில் தொடங்குங்கள்

மண்வெட்டியைத் தொடுமுன் காகிதத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி என்று பட்டியல் போடுங்கள். ஒரு வரியில் இரண்டு கட்டங்கள் கட்டாயம்: மெயினிலிருந்து நடைபாதை வால்வு வரையிலான பொதுப் பக்கம், வால்விலிருந்து மீட்டர் வரையிலான வீட்டுப் பக்கம். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலத்தில் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் காப்பர், மறுபக்கம் ஈயம் என்பது மிகச் சாதாரணம். "இணைப்பு: காப்பர்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்ட பட்டியல்கள்தான் பின்னாளில் அதிகச் சிக்கல் தருகின்றன.

விதிப்படி ஒவ்வொரு இணைப்பும் நான்கு வகைகளில் ஒன்றில் சேரும்: ஈயம், மாற்ற வேண்டிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), ஈயமல்லாதது, தெரியாதது. மெயினோடு சேரும் இடத்தில் ஒன்றிரண்டு அடி நீளத்துக்கு வளைந்த ஈயத் துண்டு ஒன்றைப் போடுவது வழக்கமாக இருந்தது. வாத்துக் கழுத்து என்று அதைச் சொல்வார்கள். அதற்கும் தனிக் கட்டம் வையுங்கள். ஜி.ஐ. பைப் ஏன் பட்டியலில் வருகிறது என்று கேட்பார்கள். ஈயக் குழாய்க்குப் பின்னால் பல ஆண்டுகள் இருந்த ஜி.ஐ. பைப்பின் உட்சுவர்த் துருவில் ஈயம் படிந்து ஊறிப்போயிருக்கும். முன்னாலிருந்த ஈயத்தை எடுத்துவிட்ட பிறகும் அந்தத் துரு உதிரும்போதெல்லாம் ஈயமும் சேர்ந்து வரும். ஆகவே அதையும் மாற்றியாக வேண்டும்.

தேட வேண்டிய ஆவணங்கள்: இணைப்பு கொடுத்தபோது எழுதிய அட்டைகள், பிளம்பிங் அனுமதிச் சீட்டுகள், ஊரின் பழைய கட்டட விதிகள், வீடு கட்டிய ஆண்டு காட்டும் வரிப் பதிவுகள், மெயின் உடைப்பைச் சரிசெய்தபோது எழுதிய குறிப்புகள், மீட்டர் மாற்றிய பதிவுகள். பழைய விதிகள் தனி மதிப்பு வாய்ந்தவை. எந்த ஆண்டுவரை ஈயம் கட்டாயம் அல்லது அனுமதி என்று அவற்றில் இருந்தால், ஒரே அடியில் பல தெருக்களைப் பிரித்துவிடலாம். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் ஈயம் அரிது. பெரிய கட்டடங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பதிவுகள் எங்கே ஏமாற்றும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் இருப்பது முதலில் போட்ட குழாய். நடுவில் கசிவு வந்து பாதியை மட்டும் மாற்றியிருந்தால் அது அட்டைக்கு ஏறியிருக்காது. வீட்டு எண்களை மாற்றி எழுதிய ஊர்களில் அட்டை வேறு வீட்டைக் காட்டும். இடித்துக் கட்டிய வீட்டின் வரிப் பதிவு புது ஆண்டைச் சொல்லும், ஆனால் குழாய் பழையதாகவே தொடரும். இந்த விஷயத்தில் கறாராக இருங்கள்: அட்டை "ஈயம்" என்றால் நம்புங்கள், "காப்பர்" என்றால் கண்ணால் பார்த்த பிறகு நம்புங்கள். முதல் தவறினால் ஒரு குழி வீணாகும். இரண்டாவது தவறினால் ஒரு குடும்பம் ஈயத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் செய்யும் சோதனை

அடித்தளச் சுவரையோ தரையையோ துளைத்துக்கொண்டு குழாய் உள்ளே வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முதல் அடைப்பு வால்வுக்கு முன்னால், சுவருக்கும் வால்வுக்கும் இடையில் இருக்கும் துண்டுதான் உங்களுக்கு வேண்டியது. வால்வுக்கு அப்பால் இருப்பது வீட்டு உட்குழாய், அது எதையும் நிரூபிக்காது. இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மீட்டருக்குப் பின்னால் பளபளக்கும் காப்பரைப் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தேவையானவை ஒரு காந்தம், ஒரு நாணயம் அல்லது தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச். முதலில் ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள். பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு சின்ன இடத்தில் மட்டும் நீக்குங்கள். பழைய பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம் என்பதால் ஈரமாக வைத்தே செய்யுங்கள். பிறகு நாணய விளிம்பால் லேசாகச் சுரண்டுங்கள். கத்தியால் கீற வேண்டாம், ரம்பம் அரம் பக்கமே போக வேண்டாம்.

ஈயம் என்றால் மேலே மங்கிய சாம்பல் நிறமும், சுரண்டிய இடத்தில் வெள்ளி போன்ற பளபளப்பும் தெரியும். உலோகம் மிக மிருதுவாக இருப்பதால் நாணயம் வழுக்காமல் பதிந்து போகும். காந்தம் ஒட்டாது. தட்டினால் மணியொலி வராது, மந்தமான ஓசைதான் வரும். வால்வோடு சேரும் இடத்தில் குழாய் வெங்காயம் போலப் புடைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய பிளம்பர்கள் உருக்கிய பற்றைத் துணியால் நீவிச் சேர்த்த மூட்டு அது. ஈயக் குழாய்கள் நேராக வராமல் சற்றே வளைந்து நெளிந்து வருவதும் ஒரு அடையாளம்.

சாம்பல் நிறம், ஆனால் காந்தம் கவ்விப் பிடிக்கிறது, முனையில் மரை தெரிகிறது என்றால் ஜி.ஐ. சுரண்டிய இடம் புதுச் செப்புக்காசு நிறத்தில் இருந்தால் காப்பர். பிளாஸ்டிக் பார்த்தாலே தெரியும். காந்தம் ஒட்டாத, சாம்பல் நிற, சுரண்டினால் வெள்ளி நிறமாகும் குழாய் இந்தச் சூழலில் ஈயம் மட்டுமே.

சோதனை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, துணியைக் குப்பையில் போடுங்கள். மூன்று படங்கள் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: குழாய் சுவரில் நுழையும் இடம், சுரண்டிய இடம் மிக அருகில், மீட்டர் எண்ணோடு சேர்த்து ஒன்று. எண் தெரியாத படம் எந்த வீட்டுடையது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சோதனை வீட்டுப் பக்கத்தின் கடைசி நுனியை மட்டுமே காட்டுகிறது, பொதுப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பட்டியலில் ஒரு கட்டத்தை மட்டும் நிரப்புங்கள்.

தண்ணீரை வைத்து அறிவது

சுவர் பூசி மறைத்த வீடுகளில் குழாய் கண்ணுக்கே தெரியாது. அங்கே தொடர் மாதிரி எடுப்பது உதவும். குறைந்தது ஆறு மணிநேரம் வீட்டில் யாரும் தண்ணீரைத் திறக்கக் கூடாது. ஃப்ளஷ், ஐஸ் மெஷின் எல்லாம் இதில் அடக்கம். பிறகு சமையலறைக் குளிர்நீர்க் குழாயிலிருந்து, குழாய் வாயில் திருகியிருக்கும் சல்லடையான ஏரேட்டரைக் கழற்றாமல், முழு வேகத்தில் திறந்து, ஒரு லிட்டர் அகன்றவாய் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் குழாயை மூடாமல் நிரப்ப வேண்டும். பத்துப் பாட்டில்கள் போதும். வரிசை எண்ணை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

எந்தப் பாட்டில் எந்தக் குழாயின் தண்ணீர் என்பது கணக்கில் வரும். அரை அங்குலக் காப்பர் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.15 லிட்டர் பிடிக்கும். முக்கால் அங்குல உள்விட்டமுள்ள ஈயக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 0.285 லிட்டர். சமையலறையிலிருந்து மீட்டர்வரை 12 மீட்டர் அரை அங்குலக் காப்பர் என்றால் உட்குழாயில் இருப்பது 1.8 லிட்டர். மெயின்வரை 15 மீட்டர் இணைப்புக் குழாய் என்றால் 4.3 லிட்டர். ஆக முதல் பாட்டிலும் இரண்டாவதில் பெரும்பகுதியும் வீட்டுக்குள் இருந்த தண்ணீர். மூன்றாவதிலிருந்து ஆறாவதுவரை இணைப்புக் குழாயில் கிடந்த தண்ணீர். ஏழாவதிலிருந்து மெயின் தண்ணீர். முதல் பாட்டிலில் மட்டும் ஈயம் ஏறியிருந்தால் பழைய பித்தளைக் குழாயோ மூட்டுகளை ஒட்டிய சால்டர் பற்றோ காரணமாக இருக்கலாம். மூன்று முதல் ஆறுவரை மேடு போல ஏறி இறங்கினால் இணைப்புக் குழாயில் ஈயம். அந்த மேடு நான்காம் பாட்டிலோடு முடிந்துவிட்டால் வீட்டுப் பக்கம் மட்டும் ஈயமாக இருக்கக்கூடும்.

ஒரே ஒரு பாட்டிலில் அளவு தாறுமாறாக எகிறி, அக்கம்பக்கத்தில் ஒன்றுமில்லை என்றால் அது உதிர்ந்த துகள், இன்னொருமுறை எடுங்கள். குறைந்த அளவு வந்தால் ஈயக் குழாய் இல்லை என்று அர்த்தமில்லை. அரிப்பைத் தடுக்க ஆர்த்தோபாஸ்பேட் மருந்தைக் கலக்கும் ஊர்களில் குழாயின் உட்சுவரில் ஒரு படலம் உருவாகி ஈயத்தைப் பிடித்து வைத்திருக்கும். இந்தச் சோதனை ஈயம் உண்டு என்று காட்டப் பயன்படும், இல்லை என்று சான்றளிக்கப் பயன்படாது.

அந்தப் படலம் எவ்வளவு நொய்மையானது என்பதற்கு இரண்டு ஊர்களே சாட்சி. வாஷிங்டன் டி.சி. 2000-இல் கிருமிநீக்கத்துக்குக் குளோரினை விட்டுக் குளோரமினுக்கு மாறியதும், குளோரின் இருந்தவரை நிலைத்திருந்த படலம் கரையத் தொடங்கி ஈய அளவு எகிறியது. மிச்சிகனின் ஃப்ளின்ட் 2014 ஏப்ரலில் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்பு மருந்தே சேர்க்கவில்லை. நீர் ஆதாரமோ மருந்தோ மாறும் திட்டம் இருந்தால், குழாய் வேலையை அதற்கு முன்னால் வையுங்கள்.

தோண்டிப் பார்ப்பது

தெரியாதவற்றை உறுதிசெய்யக் கடைசி வழி குழி. வெற்றிடத்தால் மண்ணை உறிஞ்சும் வண்டி இருந்தால், நடைபாதை வால்வுக்கு இருபுறமும் ஒவ்வொரு சிறு குழி போட்டு, இரண்டு பக்கக் குழாயையும் ஒரே வருகையில் பார்த்துவிடலாம். குழியை வால்விலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். வால்வை மாற்றியபோது இருபுறமும் ஓரடி காப்பர் சேர்த்திருப்பார்கள், வால்வை ஒட்டிப் பார்த்தால் அதுதான் தெரியும், ஈயம் அதற்கு அப்பால் தொடரும்.

எல்லா இடத்திலும் தோண்ட முடியாது. வீட்டின் வயது, இடம், பழைய பதிவு, ஏற்கெனவே தோண்டிய முடிவுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் மாதிரிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஃப்ளின்டில் ஆய்வாளர்கள் உருவாக்கிய கணிப்பைப் பின்பற்றிய 2017-இல் தோண்டிய இடங்களில் சுமார் 70 சதவீதத்தில் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது. அதைக் கைவிட்டுத் தெருவாரியாகத் தோண்டிய 2018-இல் அது 15 சதவீத அளவுக்கு இறங்கியது. கணிப்பு எந்த வரிசையில் தோண்டலாம் என்று சொல்லட்டும். ஒரு வீட்டை "ஈயமல்லாதது" என்று முடிவாக எழுத மட்டும், கண்ணால் பார்த்த சான்று இல்லாமல் விடாதீர்கள்.

பாதி மாற்றினால் கேடு

செலவைக் குறைக்க, பொதுப் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுப் பக்க ஈயத்தை அப்படியே விடுவது நீண்டகாலப் பழக்கம். இதைச் செய்யவே கூடாது. வெட்டும்போது ஏற்படும் அதிர்வில், மிச்சமிருக்கும் ஈயக் குழாயின் உட்படலம் பெயர்ந்து துகள்களாக வீட்டுக்குள் போகும். அதோடு புதுக் காப்பரை ஈயத்தோடு நேரடியாக இணைத்தால் இரண்டு உலோகங்களும் தண்ணீரும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும், ஈயம்தான் அதில் கரையும். பணம் செலவழித்த பிறகு அந்த வீட்டின் தண்ணீர் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், முன்பைவிட மோசமாக இருக்கும். புதிய விதி, உடைப்பு போன்ற அவசரத்தையும் ஈயத்துக்காக அல்லாத வேறு கட்டமைப்பு வேலையையும் தவிர மற்ற நேரங்களில் பாதி மாற்றத்தைத் தடுக்கிறது.

முழுதாக மாற்ற வேண்டுமானால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். பணம் கேட்டால் சம்மதம் கிடைக்காது, அதுவும் ஏழை வீடுகளில். இலவசம் என்று அறிவித்த ஊர்கள்தான் வேகமாக முடித்தன. நியூஜெர்சியின் நியூவார்க், வீட்டு உரிமையாளரைத் தேடி அலையாமல் குடியிருப்பவர் கதவைத் திறந்தாலே வேலை செய்யலாம் என்று உள்ளூர்ச் சட்டம் போட்டு, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இணைப்புகளை மூன்று ஆண்டுக்குள் மாற்றியது. வாடகை வீடுகள் நிறைந்த பகுதியில் இதைவிடப் பயனுள்ள ஒற்றை நடவடிக்கை இல்லை. விஸ்கான்சினின் மேடிசன், 2001-இல் தொடங்கி ஏறத்தாழ 8,000 இணைப்புகளை, வீட்டுப் பக்கத்தையும் சேர்த்து, மாற்றி முடித்தது. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம் இந்த வேலைக்கென்றே 1,500 கோடி டாலரை மாநிலச் சுழல் நிதி வழியாக ஒதுக்கியது. அதில் 49 சதவீதம் பின்தங்கிய சமூகங்களுக்கு மானியமாகவோ திருப்பிக் கட்டத் தேவையில்லாத கடனாகவோ போக வேண்டும். விண்ணப்பத்துக்குப் பட்டியல்தான் அடிப்படை, அதனால்தான் பட்டியலை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

சம்மதம் கேட்க விதி குறைந்தது நான்கு முயற்சிகளை, இரண்டு வெவ்வேறு வழிகளில் எதிர்பார்க்கிறது. கடிதம் இரண்டு அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அந்தத் தெருவின் மொழி தெரிந்தவர் மாலை வேளையில் கதவைத் தட்டுவதற்கு ஈடில்லை. குழந்தைகள் உள்ள வீடுகள், குழந்தைக் காப்பகங்கள் வரிசையில் முதலில் வரட்டும். அதற்குப் பிறகு தெருத் தெருவாகச் செய்வது செலவைக் குறைக்கும். வண்டி ஒருமுறை வந்தால் தெருவில் உள்ள எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

மாற்றும் நாள்

தோண்டும் வேலை நாளுக்குச் சில நாள் முன்பே, தோண்டுவோர் அழைக்க வேண்டிய 811 என்ற எண்ணை அழைத்து, நிலத்தடிக் குழாய்களுக்கும் வயர்களுக்கும் அடையாளம் போடச் சொல்லுங்கள். மஞ்சள் கோடு எரிவாயு, சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, பச்சை சாக்கடை, நீலம் குடிநீர். வீட்டுக்காரரே போட்டுக்கொண்ட தோட்ட விளக்கு வயர், தெளிப்பான் குழாய் போன்றவற்றை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து அடிக்கு மேல் ஆழமான குழிக்குள், கெட்டிப் பாறையாக இருந்தாலன்றி, தடுப்பு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு அடி தள்ளிக் கொட்டுங்கள்.

பலர் மறந்துவிடும் ஆபத்து மின்சாரம். பழைய வீடுகளில் மின்சார எர்த்திங் வயரைக் குடிநீர்க் குழாயோடுதான் கட்டியிருப்பார்கள். குழாயை வெட்டும் நேரத்தில் அதில் மின்னோட்டம் இருந்தால், இரண்டு முனையையும் பிடித்திருப்பவர் வழியாகப் பாயும். வெட்டுமுன் கிளாம்ப் மீட்டரால் அளந்து, வெட்டும் இடத்துக்கு இருபுறமும் தடித்த ஜம்பர் கேபிள் கட்டுங்கள். புதுக் குழாய் பிளாஸ்டிக் என்றால் எர்த்திங்கே போய்விடும். எலக்ட்ரீஷியனை வைத்துப் புது எர்த் ராடு அடித்த பிறகே பழைய உலோகத்தை எடுக்க வேண்டும்.

முறைகள் மூன்று. திறந்த பள்ளம் எந்த மண்ணிலும் வேலை செய்யும், ஆனால் தோட்டம், நடைபாதை, தெரு எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டாவது, மெயின் பக்கம் ஒரு குழி, வீட்டுப் பக்கம் ஒரு குழி மட்டும் போட்டு, காற்றழுத்த மோல் ஒன்றால் மண்ணைக் குடைந்து புதுக் குழாயை இழுப்பது. மூன்றாவது, பழைய ஈயக் குழாய்க்குள் கம்பிவடம் செலுத்தி, பழையதை வெளியே இழுக்கும்போதே அதன் பின்னால் புதியதைக் கோத்து இழுப்பது. இது ஈயத்தை மண்ணிலிருந்தே அப்புறப்படுத்துவதால் பார்க்க அழகான முறை. ஆனால் ஈயம் மிருது. நடுவில் பழைய ரிப்பேர் மூட்டு, கூர்மையான வளைவு, மரவேர், இறுகிய களிமண் இருந்தால் பாதியில் அறுந்துவிடும். மாற்றுத் திட்டம் கையில் இல்லாமல் இந்த முறையைத் தொடங்காதீர்கள். மோல் திசைமாறி வீட்டுச் சாக்கடைக் குழாயைக் குத்திக்கொண்டு போவதும் உண்டு. அன்று ஒன்றும் தெரியாது, மாதங்கள் கழித்து அடைப்பு வரும். வேலைக்கு முன்னும் பின்னும் சாக்கடைக்குள் கேமரா விட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

குழாய்க்குக் காப்பர் என்றால் மண்ணுக்குள் போடும் தடித்த கே வகை, சுருளாக வருவது. முக்கால் அல்லது ஒரு அங்குலம். மெயினிலிருந்து வால்வுவரை ஒரே துண்டு, வால்விலிருந்து மீட்டர்வரை ஒரே துண்டு. மண்ணுக்குள் நடுவில் மூட்டு வேண்டாம். பிளாஸ்டிக் என்றால் குடிநீருக்கான என்.எஸ்.எஃப். 61 முத்திரையுள்ள பாலிஎத்திலீன், கூடவே பின்னாளில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு டிரேஸர் வயர். பெட்ரோல் கசிந்த மண்ணில் பிளாஸ்டிக் கூடாது, எண்ணெய் அதன் சுவரை ஊடுருவித் தண்ணீரில் கலக்கும். மெயின் வால்வு, நடைபாதை வால்வு, மீட்டர் இணைப்புகள் எல்லாமே இப்போதைய ஈயமில்லாத் தரத்தில், அதாவது தண்ணீர் படும் பரப்பில் சராசரி ஈயம் 0.25 சதவீதத்துக்கு மிகாததாக இருக்க வேண்டும். 2014-க்கு முந்தைய பழைய ஸ்டாக் பித்தளையைக் கிடங்கிலிருந்து எடுத்துப் போடுவது நடக்கிறது. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

ஈயத்தை வெட்ட ரம்பமோ கிரைண்டரோ வேண்டாம். சக்கரக் கட்டர் அல்லது கத்திரி வகைக் கட்டர் போதும். தூள் பறந்தால் தொழிலாளியின் மூச்சிலும் வீட்டுத் தரையிலும் சேரும். மெயினில் பழைய வால்வை அப்படியே விட்டு வாத்துக் கழுத்தை மட்டும் மாற்றுவதைவிட, வால்வையே மாற்றுவது நல்லது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு மெயின் திருகும்போது விரிசல் விடலாம். சரியான அளவு ரிப்பேர் கிளாம்ப் வண்டியில் இருக்கட்டும். புதுக் குழாய் உறைபனி ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். குழாயைச் சுற்றி மணல், அதற்கு மேல் மண்ணை மெல்லிய அடுக்குகளாகத் திமிசு போட்டு நிரப்புங்கள். ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அடித்தால் அடுத்த மழையில் நடைபாதை உட்காரும், அந்தத் தெருவில் அடுத்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போட யோசிப்பார்.

கழுவிவிடுதல், வடிகட்டி, மறுசோதனை

புதுக் குழாயை வீட்டு உட்குழாயோடு சேர்க்குமுன், மீட்டர் இடத்தில் ஹோஸ் மாட்டி முழு வேகத்தில் வெளியே விடுங்கள், மண்ணும் துகளும் வீட்டுக்குள் போகாது. சேர்த்த பிறகு வீடு முழுக்கக் கழுவ வேண்டும். வடிகட்டி, மென்னீராக்கி இவற்றைத் துண்டித்துவிட்டு, எல்லாக் குழாய்களின் ஏரேட்டரையும் ஷவர் தலையையும் கழற்றுங்கள். அடித்தளத்தில் தொடங்கி மேல்மாடிவரை குளிர்நீர்க் குழாய்களை ஒவ்வொன்றாக முழுதாகத் திறந்துகொண்டே போங்கள். கடைசிக் குழாயைத் திறந்த பிறகு எல்லாம் ஒன்றாகக் குறைந்தது 30 நிமிடம் ஓட வேண்டும். பிறகு மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி மூடி வாருங்கள். ஏரேட்டர்களைக் கழுவி மாட்டுங்கள். வேகம்தான் துகளை அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு குழாயை மட்டும் மெல்லத் திறந்துவைத்து இரண்டு மணிநேரம் விட்டாலும் அந்தப் பயன் கிடைக்காது. தண்ணீரை நிறுத்திய வேலையாட்களே, கிளம்புமுன் இதைச் செய்துவிட்டுப் போவது நல்லது. துண்டுச்சீட்டில் எழுதிக் கதவில் மாட்டிவிட்டுப் போனால் பாதி வீடுகளில் நடக்காது.

தண்ணீரைத் திரும்ப விடுவதற்கு முன்பே வீட்டில் வடிகட்டி இருக்க வேண்டும். குடுவை வகையோ குழாயில் மாட்டுவதோ எதுவானாலும், ஈயத்துக்கென்று என்.எஸ்.எஃப். 53 சான்று பெற்றதா என்று அட்டையில் படியுங்கள். சுவைக்காகவும் குளோரினுக்காகவும் மட்டும் விற்கும் வடிகட்டிகள் ஈயத்தைப் பிடிக்காது. விதிப்படி ஆறு மாதத்துக்குத் தேவையான மாற்று கார்ட்ரிட்ஜும் சேர்த்துத் தர வேண்டும். சுடுதண்ணீரை அதில் விடக் கூடாது. குடிக்க, சமைக்க, பால் கரைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். அந்த ஆறு மாதமும் மாதம் ஒருமுறை ஏரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், கரும்பொடியாகத் தங்குவது பெரும்பாலும் உதிர்ந்த படலம்.

எடுத்த ஈயக் குழாயை எடைபோட்டு மறுசுழற்சிக்கு அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். குழியோரமோ கொல்லைப்புறமோ விட்டுவந்தால் யாராவது தூண்டில் குண்டு உருக்க எடுத்துப்போவார்கள். பட்டியலில் அன்றே பதியுங்கள்: இரு பக்கமும் எந்தப் பொருள், அளவு, தேதி, ஆழம், குழி திறந்திருக்கும்போதே எடுத்த படம்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடியும் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். இப்போது இணைப்பில் ஈயம் இல்லை என்பதால் அளவு இறங்கியிருக்கும். இறங்கவில்லை என்றால் தொடர் மாதிரி எடுத்து எந்தப் பாட்டிலில் ஏறுகிறது என்று பாருங்கள். முதல் பாட்டில் என்றால் சமையலறைக் குழாயை மாற்றிவிட்டுச் சோதியுங்கள். இரண்டாவது பாட்டில் என்றால், அந்தக் கணக்கில் மீட்டருக்கும் சமையலறைக்கும் நடுவில் பழைய ஜி.ஐ. பைப்போ 1986-க்கு முந்தைய சால்டர் மூட்டோ இருக்கும். ஜி.ஐ. என்றால் அந்த நீளத்தையும் எடுத்துவிட வேண்டும், அதுவரை வடிகட்டியை நிறுத்தக் கூடாது.